கப்பல் நிற்கும் ஒரு பகல்

விழுப்புரம் என்றால் ரயில் சந்திப்பு. திண்டிவனம் என்றால் சாலைகள் கூடுமிடம். தென்னாட்டுக்குச் செல்வோரும் சென்னைக்குத் திரும்புவோரும் நம் ஊர்களில் சற்றே நின்று, ஒரு குவளை தேநீர் அருந்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு நம் ஊர் ஒரு நடைமேடை, ஒரு தேநீர்க் கடை, அவ்வளவே. ஆகவே ஓர் ஊரில் சில மணி நேரமே தங்கிச் செல்லும் பயணி அந்த ஊரை எவ்வளவு அறிந்து செல்கிறான் என்னும் கேள்வி நமக்குப் புதியதன்று.

இந்தக் கேள்வி அண்மையில் வேறொரு வடிவில் நம் அருகிலேயே வந்து நின்றது. 2025-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்டு விசாகப்பட்டினம் சென்ற ‘கார்டிலியா’ நிறுவனத்தின் பயணக் கப்பல், திரும்பும் வழியில் புதுச்சேரிக் கடலில் நங்கூரம் பாய்ச்சியது. 2022-இல் இதே நிறுவனத்தின் கப்பல் வர முயன்றபோது, கப்பலில் சூதாட்டக்கூடம் இருக்கிறது என்று எதிர்ப்பு எழுந்து, புதுவை அரசின் அனுமதி கிடைக்காமற் போயிற்று. மூன்றாண்டுகளுக்குப் பின் வந்த கப்பலின் பயணிகள் படகுகளில் உப்பளம் துறைமுகத்தில் வந்து இறங்கி, நகரைச் சுற்றிப் பார்த்துவிட்டு அன்றே கப்பலேறினர். அந்தக் கப்பல் 1990-இல் பிரான்சு நாட்டின் சேன் நசேர் துறைமுகத்தில் கட்டப்பட்டது என்பது ஒரு சுவையான செய்தி. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊருக்குப் பிரெஞ்சு மண்ணில் பிறந்த கப்பல்!

கப்பலில் வந்தவருக்குக் கிடைத்தது ஒரு பகலின் சில மணி நேரம். ரயிலிலோ பேருந்திலோ சென்று மாலைக்குள் வீடு திரும்ப வேண்டிய மாணவியராகிய நமக்குக் கிடைப்பதும் அதே ஒரு பகல்தான். அந்த ஒரு பகலில், வழிகாட்டி ஒருவர் கொடிபிடித்து முன்னே செல்லாமல், ஒரு பழம்பெரும் துறைமுக நகரை நாமே பார்க்க முடியுமா? முடியும் என்பதே இக்கட்டுரை. எப்படி என்பதை விளக்குவதே எங்கள் நோக்கம்.

ஆற்றுப்படை என்னும் பழைய வழிகாட்டி

போய் வந்தவர் போகவிருப்பவருக்கு வழி சொல்லும் வழக்கம் தமிழர்க்குப் பழையது. அதற்கென ஓர் இலக்கிய வகையே உண்டு. அதன் பெயர் ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை நம் மண்ணின் நூல். நத்தத்தனார் பாடிய அந்நூலின் தலைவன், ஓய்மானாட்டு வேந்தன் நல்லியக்கோடன். அவனுடைய ஊராகிய கிடங்கில், இன்றும் திண்டிவனத்தின் ஒரு பகுதியாகக் கிடங்கல் என்ற பெயருடன் விளங்குகிறது. பரிசில் பெற்ற பாணன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு எந்த ஊர் வழியே செல்ல வேண்டும், எங்கே என்ன உணவு கிடைக்கும், எப்படி வரவேற்பார்கள் என்றெல்லாம் எடுத்துரைக்கிறான். இன்றைய பயண நூல்களும் வேறு எதைச் செய்கின்றன?

அவன் சொல்லும் வழியில் முதலில் வருவது எயிற்பட்டினம் என்னும் கடற்கரைத் துறை. அது இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல் வழி நூல், இக்கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளைக் குறிக்கிறது. பொதுகே என்பது புதுவைக்குத் தெற்கே உள்ள அரிக்கமேடு என்றும், சோபட்மா என்பது மரக்காணம் என்றும் அறிஞர் கொள்வர். அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலி நாட்டு மட்பாண்டங்களும் திராட்சை மது கொண்டுவந்த சாடிகளும் வெளிப்பட்டன. அங்கே கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் செய்யப்பட்டன. பின்னர் கசால், விமலா பெக்லி ஆகியோரும் அங்கு ஆய்வு நடத்தினர்.

ஆக, நம் கரைக்குக் கப்பல் வருவது 2025-இல் தொடங்கிய புதுமை அன்று. அன்று வந்த வணிகன் காற்றுத் திரும்பும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தான். இன்று வரும் பயணி மாலைக்குள் திரும்பிவிடுகிறான். மாறியது காலத்தின் அளவு மட்டுமே.

கப்பல் ஏன் தொலைவில் நிற்கிறது?

புதுவைக்குக் கப்பலில் வருபவர் முதலில் வியப்பது இதைத்தான்: பெரிய துறைமுக நகரம் என்கிறார்கள், ஆனால் கப்பல் கரையை நெருங்கவே இல்லையே! காரணம் எளிது. மும்பையைப் போலவோ கொச்சியைப் போலவோ இங்கே இயற்கை அணைத்துக் காக்கும் விரிகுடா இல்லை. கரை நேர்க்கோடாக நீண்டு கிடக்கிறது. கரையோரம் ஆழம் குறைவு. அலைகள் வந்து உடையும் இடமும் அதுவே. ஆகையால் பெரிய கப்பல்கள் எக்காலத்தும் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன.

அலையைக் கடந்து மனிதரையும் சரக்கையும் கரைசேர்த்தவர் நம் கடலோர மக்கள். அவர்களுடைய சலங்குப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை மோதினால் பிளந்துவிடும். தைத்த படகோ சற்று நெகிழ்ந்து கொடுத்துத் தப்பிவிடும். வளைந்து கொடுப்பது வலிமைக் குறைவு ஆகாது என்பதை அந்தப் படகே கற்பிக்கிறது அல்லவா? கட்டுமரம் என்னும் நம் சொல் ஐரோப்பிய மொழிகளில் ஏறியதும் இந்தக் கரையிலிருந்துதான்.

பின்னர் 1866-இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று கட்டப்பட்டது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுவைக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. நம் தென்னார்க்காட்டுப் புன்செய்களில் விளைந்த மல்லாட்டை இவ்வழியே புதுவை சென்று, கப்பலேறி, பிரான்சின் மர்சேய் துறைமுகத்தை அடைந்து எண்ணெயாயிற்று. நம் பாட்டன் பூட்டனின் வியர்வையும் அந்தக் கப்பல்களில் சென்றது என்று சொன்னால் மிகையாகாது. அந்தப் பழைய பாலம் 1952-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. பின்னர்க் கட்டிய மற்றொரு பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் கடலில் விழுந்தது. எனவே இன்றும் சலங்கின் வேலையை விசைப்படகு செய்கிறது.

நேரத்தைக் கணக்கிடுங்கள்

கப்பலில் வருபவருக்கு இரு வழிகள் உண்டு. கப்பல் நிறுவனத்தார் ஏற்பாடு செய்யும் பேருந்தில் ஏறிச் செல்வது ஒன்று. தானே நடந்தோ வண்டி பிடித்தோ சுற்றுவது மற்றொன்று. முதலாவதில் கவலை குறைவு. அந்தப் பேருந்து தாமதமானால் கப்பலும் பொதுவாகக் காத்திருக்கும். ஆனால் எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பிறர் முடிவு செய்வார்கள். இரண்டாவதில் செலவு குறைவு. விரும்பிய இடத்தில் விரும்பியவரை நிற்கலாம். நாம் கொடுக்கும் பணமும் ஆட்டோ ஓட்டுநர், பூக்காரி, சிற்றுண்டிக்கடை என்று நேரே ஊர் மக்களைச் சேரும். ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு: தனியாகச் சென்றவருக்காகக் கப்பல் காத்திராது.

ஆகவே முதற்பாடம் நேரக் கணக்கு. காலை 9 மணிக்குக் கரையிறங்கி, மாலை 4 மணிக்குக் கடைசிப் படகு என்று வைத்துக் கொள்வோம். கையில் இருப்பது 7 மணி நேரம். திரும்பி வருவதற்கும் எதிர்பாராத தடைகளுக்கும் ஒரு மணி நேரத்தை முதலிலேயே எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். உணவுக்கும் இளைப்பாறவும் ஒரு மணி நேரம். எஞ்சுவது 5 மணி நேரம். இதில் பத்து இடங்களைப் பார்க்க நினைப்பவர் ஒன்றையும் பார்ப்பதில்லை. ஐந்து இடங்களைத் தேர்ந்தால் ஒவ்வொன்றிலும் நின்று நிதானித்துப் பார்க்கலாம்.

இரண்டாவதாக, நகரத்துக்கும் துறைமுகத்துக்கும் உள்ள தொலைவை முன்பே அறிய வேண்டும். இத்தாலியில் உரோமை நகருக்கு என்று கப்பல்கள் நிற்கும் துறைமுகம் சிவிடாவெக்கியா. அங்கிருந்து உரோமை ஏறத்தாழ 80 கி.மீ. நாளின் பெரும்பகுதி போக்குவரத்திலேயே கழிந்துவிடும். புதுவையிலோ துறைமுகத்துக்கு அருகிலேயே நகரம் தொடங்குகிறது. நடந்தே பார்க்கத்தக்க நகரம் என்பது இதன் தனிப்பெருமை.

மூன்றாவதாக, கடிகாரம். வேறு நாட்டிலிருந்து வரும் கப்பலில் நேரம் மாறியிருக்கக்கூடும். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட 2½ மணி முந்தியது. ‘4 மணி’ என்றால் எந்த ஊர் 4 மணி என்று கேட்டுத் தெளிந்தே இறங்க வேண்டும்.

நாங்கள் நடந்து பார்த்த வழி

சொன்னால் போதுமா? செய்து பார்க்க வேண்டாமா? எங்கள் வகுப்பு மாணவியர் பதினறுவர், வகுப்பாசிரியையான அருட்சகோதரியின் துணையோடு, கப்பல் பயணியரைப் போல ஒரு பகலில் இதைச் சோதித்துப் பார்த்தோம். விழுப்புரத்தார் ரயிலிலும், திண்டிவனத்தார் கிளியனூர் வழியே பேருந்திலும் சென்றோம். நால்வர் நால்வராகப் பிரிந்தோம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வரைபடம், ஒரு கைக்கடிகாரம், ஒரு கைப்பேசி. மாலை 4 மணிக்கு ‘படகு’ புறப்படும் இடம் ரயில் நிலையம். இதுவே விதி.

வீடுகளில் அனுமதி எளிதில் கிடைத்துவிடவில்லை. “பெண் பிள்ளைகள் நாலு பேரா? வழிகாட்ட ஆள் வேண்டாமா?” என்று பெற்றோர் தயங்கினர். நாங்கள் வரைபடத்தையும் நேர அட்டவணையையும் அவர்கள் முன் விரித்துக் காட்டினோம். எந்த நேரம் எந்தத் தெருவில் இருப்போம் என்று தெரிந்தபின் அவர்கள் அச்சம் பாதியாகக் குறைந்தது. திட்டம் என்பது நமக்கு வழிகாட்டுவதோடு நம்மை நேசிப்பவர்க்கு ஆறுதலாகவும் இருக்கிறது என்பதை அன்று அறிந்தோம்.

புதுவையின் தெருக்களை விளங்கிக்கொள்வது எளிது. கடலுக்கு இணையாகச் சில தெருக்கள். கடலை நோக்கிச் சில தெருக்கள். இரண்டும் சதுரங்கப் பலகையைப் போல வெட்டிக்கொள்ளும். 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சுக் குடியிருப்பை நிறுவினார். 1693-இல் டச்சுக்காரர் இதைக் கைப்பற்றி, 1699-இல் திருப்பிக் கொடுத்தனர். இடைப்பட்ட ஆறாண்டுகளில் அவர்கள் வரைந்த நகரப் படத்தில்தான் இந்த நேர்த்தெருக்கள் தோன்றுகின்றன. நடுவே வடக்குத் தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால் நகரை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. வழி தவறினால் கிழக்கு நோக்கி நடந்தால் போதும், கடல் வந்துவிடும். கடலையும் வாய்க்காலையும் நினைவில் வைத்திருப்பவர் இந்த ஊரில் தொலைந்துபோக முடியாது.

முதலில் கடற்கரைச் சாலை. வெயில் ஏறுமுன் இதை நடந்துவிட வேண்டும். 1836-இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் இங்கே நிற்கிறது. 1979-இல் தெற்கே புதிய விளக்கம் வந்தபின் இதற்கு ஓய்வு. அதன் எதிரே காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்களை நம் மாவட்டத்து மாணவியர் கட்டாயம் தொட்டுப் பார்க்க வேண்டும். அவை நம் செஞ்சியிலிருந்து வந்தவை. செஞ்சிக் கோட்டை 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. வென்றவர்கள் தூண்களையும் எடுத்துச் சென்றார்கள். எங்களுள் ஒருத்தி செஞ்சிக்காரி. “எங்க ஊர்க் கல்லு இங்க வந்து கடல் பாக்குது” என்று அவள் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். பிறகு சற்று நேரம் பேசாமல் நின்றோம்.

கடற்கரைக்கு அடுத்த துய்மா தெருவில் தூய சம்மனசுகளின் அன்னை ஆலயம் உள்ளது. 1855-இல் கட்டி முடிக்கப்பட்டது. இங்கே பிரெஞ்சு மொழியிலும் வழிபாடு நடப்பதுண்டு. அடுத்துப் பாரதி பூங்கா. முன்பு லூயி கோட்டை இருந்த இடம் இது. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுவையைக் கைப்பற்றிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினர். இன்று நாம் காணும் வெள்ளை மாளிகைகள் பெரும்பாலும் அதற்குப் பின் எழுந்தவை. பூங்காவின் நடுவே உள்ள ஆயி மண்டபம், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரைப்பாளையத்திலிருந்து நகருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாக எழுந்தது. மன்னனுக்கோ படைத்தலைவனுக்கோ அன்றி, குளம் வெட்டுவித்த ஆயி என்னும் பெண்ணின் பெயரால் அது வழங்குகிறது என்பது நமக்குப் பெருமை.

அருகே அருங்காட்சியகம். அரிக்கமேட்டுப் பொருள்களைப் பார்க்க நேரே அரிக்கமேட்டுக்குச் செல்ல நேரமில்லாதவர் இங்கே பார்க்கலாம். திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறவாதீர்கள். மணக்குள விநாயகர் கோயிலும் அருகிலேயே. பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே நண்பகலுக்கு முன் செல்வது நலம்.

பிறகு வாய்க்காலைக் கடந்து மேற்கே செல்ல வேண்டும். கப்பலில் வருபவர் பலர் வாய்க்காலோடு திரும்பிவிடுகிறார்கள். மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் படமெடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் துறைமுகத்தின் உயிர் மேற்கே இருந்தது. ரங்கப்பிள்ளை தெருவில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை உள்ளது. டூப்ளே ஆளுநராக இருந்தபோது துபாஷாகப் பணியாற்றிய இவர், 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் எப்போது வந்தது, என்ன சரக்கு இறங்கியது, எத்தனை குண்டு முழங்கி வரவேற்றார்கள், யார் யாரோடு என்ன பேசினார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. சென்னை அரசு இதை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் புதுவையின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் இந்தத் தமிழரின் எழுத்தைத் தேடி வருகிறார்கள். அந்த மாளிகைக்கு வழி தெரியாமல் ஒரு பூக்கார அம்மாவைக் கேட்டோம். “மார்க்கெட்டு வாசலு தெரியுதா கண்ணு? அதை விட்டுத் தள்ளி நேரா போங்க. நாலு முழம் மல்லி வாங்கிட்டுப் போங்களேன்” என்றார். மல்லியும் வாங்கினோம், வழியும் கண்டோம். கைப்பேசி காட்டும் வழியில் மல்லி மணப்பதில்லை.

மிஷன் வீதியில் அமலோற்பவ அன்னைப் பேராலயம். மக்கள் இதைச் சம்பா கோயில் என்பர். முன்பு இங்கிருந்த இயேசு சபையாரின் தூய பவுல் கோயிலின் பெயர், ‘சாம் பவுல்’ என்பது, மக்கள் நாவில் சம்பாவாயிற்று. 1761-இல் ஆங்கிலேயர் இடித்த கோயிலுக்குப் பதிலாக எழுந்த இன்றைய ஆலயம் 1791-இல் முடிந்தது. இதன் அருகில் இருந்த வேதபுரீசுவரர் கோயில் 1748-இல், போர் நெருங்கிய காலத்தில், இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை வேதனையோடு பதிவு செய்துள்ளார். அக்கோயில் பின்னர் வேறிடத்தில் எழுந்து, இன்று ஈசுவரன் கோயில் தெருவில் விளங்குகிறது. இரு வழிபாட்டிடங்களுக்கும் சென்றோம். ஒரு நகரின் அழகை மட்டும் பார்த்துவிட்டு அதன் காயத்தைப் பாராமல் வருவது முழுப்பார்வை ஆகாது என்று அருட்சகோதரி கூறியதை இங்கே குறிப்பிட விரும்புகிறோம்.

இதற்குமேல் நேரமிருப்போர், 1908 முதல் 1918 வரை இவ்வூரில் வாழ்ந்த பாரதியாரின் நினைவில்லத்தையும், பாவேந்தர் பாரதிதாசனின் இல்லத்தையும் காணலாம். ரயில் நிலையத்துக்கு அருகில் 1907-இல் கட்டப்பட்ட திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா, வண்ணக் கண்ணாடிச் சாளரங்களோடு வழியனுப்பி வைக்கும். எங்கள் நான்கு குழுக்களும் 3.40 மணிக்குள் ரயில் நிலையத்தில் இருந்தன. எங்கள் கப்பலில் ஒருவரும் விடுபடவில்லை!

பெண்கள் கவனிக்க வேண்டியவை

புது ஊரில் செல்லும்போது சிலவற்றைப் பழக்கமாக்கிக் கொள்ளுதல் நலம். இருவருக்குக் குறையாமல் செல்லுங்கள். அடையாள அட்டையையும் கப்பலில் தரும் அட்டையையும் தனிப்பையில் வையுங்கள். பணத்தை ஓரிடத்தில் வைக்காமல் பிரித்து வையுங்கள். கப்பலின் பெயர், துறைமுகத்தின் பெயர், புறப்படும் நேரம் மூன்றையும் தாளில் எழுதி வையுங்கள். கைப்பேசி அணைந்தாலும் தாள் அணையாது. ஆட்டோவில் ஏறுமுன் கட்டணம் பேசிவிடுங்கள். வழி கேட்பதானால் கடை வைத்திருப்பவரையோ பெண்களையோ கேளுங்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181 என்னும் எண்களை மனப்பாடம் செய்யுங்கள். தண்ணீர், குடை, நடக்கத் தகுந்த செருப்பு இம்மூன்றும் வேண்டும். வழிபாட்டிடங்களுக்கு ஏற்ற உடையும் வேண்டும்.

எத்தனை திட்டமிட்டாலும் வானம் நம் கையில் இல்லை. பிரெஞ்சு வானியலார் லெ ழாந்தீ, சூரியனை வெள்ளி கடப்பதைக் காண 1761-இல் புதுவையை நோக்கிக் கப்பலில் வந்தார். ஊர் ஆங்கிலேயர் வசமானதால் கரையிறங்க இயலவில்லை. எட்டாண்டு கழித்து நிகழும் அடுத்த கடப்புக்காகக் காத்திருந்து, 1769 ஜூனில் புதுவையிலேயே தொலைநோக்கியோடு நின்றார். அந்த வேளை பார்த்து மேகம் மூடிவிட்டது! ஆயினும் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. தமிழர் கிரகணத்தைக் கணிக்கும் முறையை இங்கே கற்று, தம் நாட்டார்க்கு எழுதினார். நாம் காணச் சென்றது கிடைக்காவிடினும், கண்டதிலிருந்து கற்கலாம்.

துறைமுகத்தின் விலை

கடைசியாக ஒன்று. கடற்கரைச் சாலையில் நடக்கும்போது மணலுக்குப் பதில் கருங்கற்கள் குவிந்திருப்பதைக் காண்பீர்கள். ஏன்? நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1980-களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர் நீட்டியபோது, வந்துகொண்டிருந்த மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. வடக்கே கடல் மணலை அரித்தது. புதுவையின் மணற்பரப்பு மறைந்தது. கல் கொட்டிச் சாலையைக் காத்தனர். அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து, நம் விழுப்புரம் மாவட்டத்துக் கடலோரக் குப்பங்களின் வாசலுக்கு வந்தது. படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இருந்த இடம் அவர்களுக்குக் குறைந்தது. அண்மை ஆண்டுகளில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் கடலடியில் செயற்கைத் தடுப்பு அமைத்ததால் புதுவையில் ஓரளவு மணல் திரும்பியுள்ளது.

கப்பலும் பயணியரும் வருவதால் பிழைப்போர் பலர். ஆனால் துறைமுகம் ஓரிடத்தில் தரும் வாழ்வுக்கு வேறிடத்தில் சிலர் விலை கொடுக்கிறார்கள். இத்தாலியின் வெனிஸ் நகரில் பெருங்கப்பல்களால் ஊருக்குத் தீங்கு என்று மக்கள் நெடுங்காலம் முறையிட்டதன் பேரில், 2021 ஆகஸ்ட் முதல் நகர்நடுக் கால்வாயில் அவை செல்லத் தடை வந்தது. விருந்தினராகச் செல்பவர், வீட்டுக்காரரின் நலத்தையும் எண்ண வேண்டும். குப்பையைப் போடாமல் வருவதும், விலையை அடித்துப் பேசாமல் வாங்குவதும், மீனவர் கரையில் ஒதுங்கி நடப்பதும் நாம் செய்யக்கூடியவை.

தோழியரே! நம்முள் எத்தனை பேர் நாளை கப்பலேறுவோம் என்று சொல்ல முடியாது. கல்விக்காகவும் பணிக்காகவும் முன்பின் அறியாத ஊர்களில் இறங்கும் நாள் நம் எல்லோருக்கும் வரும். அன்று வரைபடத்தைப் படிக்கவும், நேரத்தைக் காக்கவும், கூச்சமின்றி வழி கேட்கவும், கேட்டவரிடம் அன்போடு பேசவும் தெரிந்திருந்தால் எந்த ஊரும் நமக்கு அந்நியமாகாது. அதற்குப் பயிற்சிக்களம் கடல்கடந்து இல்லை. நம் ஊர்களிலிருந்து 40 கி.மீ. தொலைவிலேயே இருக்கிறது. பாணன் பாணனுக்கு வழி சொன்னதுபோல் நாங்கள் உங்களுக்குச் சொல்லிவிட்டோம். அடுத்த விடுமுறை நாளில் நீங்களும் புறப்படுங்கள். சென்று வந்து, உங்களுக்குப் பின்வரும் தங்கையர்க்கு வழி சொல்லுங்கள்.